பச்சைக் கோடு

ஒரு ஊரிலை ஒரு தகப்பனாம், அவருக்குக் காலிலை ஒரு புண்ணாம். எங்கடை வீட்டிலை எதையும் அப்பிடித்தான் துவங்கிறது, மிஸ். இல்லாட்டி எனக்குச் சொல்ல வராது. மற்றக் கதிரையிலை இருங்கோ, உது ஆடும்.

ஓம், உந்தப் போனிலை காட்டுற கோடு எனக்கும் தெரியும். பச்சையாய்த்தான் ஓடுது. உங்கடை கம்பசிலை எல்லாரும் சந்தோசப்பட்டவையோ? முப்பது பேருக்கு ஒட்டினதிலை அப்பாவின்ரைதான் திறம் எண்டுறியள். சரி.

நல்ல சாமான், மிஸ். குறை சொல்லேல்லை. தாள் மாதிரி மெல்லிய பட்டை, அதிலை வெள்ளிக் கோடு அச்சடிச்சுக் கிடக்கு. புண்ணின்ரை சூட்டையும் ஈரத்தையும் பாத்துப் போனுக்கு அனுப்பும். ஆறினாப் பச்சை, பழுதானாச் சிவப்பு. முதல் கிழமை முழுக்கச் சிவப்பு. நீங்களும் நாலுதரம் போன் கோல் எடுத்து, அப்பாவை நடக்க விடாதேங்கோ எண்டனீங்கள்.

அவருக்கோ கதிர்காம நடை. சந்நிதி முருகன் கோயிலிலையிருந்து வெளிக்கிடுற கூட்டத்தோடை பதினொரு வரியம் போனவர். சீனி வருத்தக்காரன் வெறுங்காலோடை நடக்கலாமோ எண்டு கேட்டா, இந்தத் தில்லைநாதனை முருகனுக்குத் தெரியும் எண்டு சிரிப்பார். உங்கடை கோலுக்குத்தான் பயம். படிச்ச பிள்ளைக்குப் பொய் சொல்ல வாய் வராதாம்.

அந்தக் கிழமைதான் களப்புத் தண்ணியிலை மட்டி ஓடு என்ரை காலை வெட்டினது. சின்ன வெட்டு. பாருங்கோ, தழும்பும் இல்லை.

அவர் சீலைத்துணி சுத்திக்கொண்டு வெளிக்கிட்டார். பின்னேரத்திலை போன் எடுப்பார். சிவகரன், என்ரை கால் இண்டைக்கு எப்பிடியடா? பச்சை அப்பா. அப்ப நாளைக்கும் நடக்கலாம். ரெண்டுபேரும் சிரிப்பம். முல்லைத்தீவிலையும் சிரிச்சவர், திருகோணமலையிலையும் சிரிச்சவர். வெருகலிலையிருந்து, அவரோடை கூடப் போன கந்தப்பு அண்ணைதான் எடுத்தார். காய்ச்சலாம், கால் கறுத்துப்போச்சாம்.

இல்லை மிஸ், ஆஸ்பத்திரியிலை இல்லை. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் போன செவ்வாய் முடிஞ்சுது.

பிறகும் கோடு ஓடினதுதான். நான் பட்டையைக் கழட்டேல்லை. ஏனெண்டு தெரியாது.

அவர் கேட்டவரோ எண்டோ? இல்லை. கழட்டித் தாங்கோ அப்பா, நான் என்ரை காலிலை ஒட்டுறன் எண்டு நான்தான் சொன்னனான்.

எழும்பிட்டியளோ. பட்டையை இண்டைக்குக் காலமைதான் கழட்டிப் பையுக்கை வைச்சனான், கொண்டுபோங்கோ. படலையைச் சாத்திப்போட்டுப் போங்கோ, மிஸ். மாடு உள்ளுக்கை வரும்.