தூங்கும்போது எங்கே போகிறது

"தூங்கறப்ப அந்தப் பேய் எங்கய்யா போவுது?"

பூந்தமல்லியில் கிளம்பிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் புருஷனிடம் கேட்டாள். இருவருக்கும் நடுவே அவர்கள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மடியில், காட்டுப்பாக்கம் பூசாரிக்குக் கொண்டுபோகும் எலுமிச்சம்பழப் பை.

"முழிச்சிகினு இருந்தா மூஞ்சி கோணுது, கை தானா ஆடுது, சோத்துத் தட்டு பறக்குது. பின்ன இது இன்னாவாம்?" என்றான் அவன்.

"டாக்டரு கேட்டாரே, முன்னாடி தொண்டை வலி, ஜொரம் வந்துச்சான்னு. வந்துச்சி. நாமதான் சுண்ணாம்பு தடவி வுட்டுட்டோம். அந்த ஜொரத்தாலதான் இப்ப இப்பிடி ஆவுதாம். இதயத்தயும் பாக்கணுமாம். பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொன்னாரு."

"தொண்டைக்கும் கைக்கும் இன்னா சம்பந்தம்? பேசாம காட்டுப்பாக்கத்துல எறங்கு."

குமணன்சாவடியில் டிரைவர் பிரேக் போட்டதில் சிறுமி விழித்துவிட்டாள். அதுவரை அசையாமல் கிடந்த அவள் கை துள்ளிப் பையைத் தட்டிவிட்டது. பழங்கள் இருக்கைகளுக்கடியில் உருண்டோடின. அவன் கையை ஓங்கினான்.

"நான் பண்ணலப்பா." நாக்கு குழறியது. "அதுவா ஆவுது."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பழங்களை யாரும் எடுக்கவில்லை.

"காட்டுப்பாக்கம் எறங்கு," என்றார் கண்டக்டர்.

தாய் எழவில்லை. மகளின் கையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "பெரியாஸ்பத்திரிக்கு ரெண்டு டிக்கெட் குடு, அண்ணாத்தே."

புருஷன் எழுந்து படிக்கட்டு வரை போனான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விசில் ஊதும்போதுதான் திரும்பினான்.

"மூணா குடு."