நாளைக்குள்ள ஒரு யோசன

வடிவு: யோவ், இப்டி எதுக்குத் திரும்புறே? பஸ் ஸ்டாப்பு அந்தாண்ட கீது.

வேம்புலி: இன்னிக்கு பஸ்ஸு வேணாமே. நடந்தே போலாம்.

வடிவு: மண்ணூர்பேட்டைலேர்ந்து கள்ளிக்குப்பத்துக்கா! காலைலேர்ந்து கம்பெனில குந்திகினு சன்னப் பின்னு வேற, தடிப் பின்னு வேறன்னு பொறுக்கிப் பொறுக்கி கண்ணே பூத்துப் போச்சி எனக்கு. இன்னிக்கு வெள்ளிக்கெழம வேற. பக்கத்து ஊட்டு பொன்னம்மா டிவில பாட்டு போட்ருவான்...

வேம்புலி: கம்பெனிக்கு வந்த டிரெய்னிங் சாரு சொன்னாரே. தெனம் போற வழில போவாத, வேற வழில போ, புதுசா யோசன வரும்னு.

வடிவு: ஓ... யோசன தேடவா போறோம்? அப்ப நட. பாட்டு போனா போவுது. யோசன வராம ஊடு போய்ச் சேரக் கூடாது இன்னிக்கு.

வேம்புலி: மெரட்டாதமே.

வடிவு: நான் மெரட்றனா? நாளைக்குக் காலைல மீட்டிங்கு. டெம்ப்ரவரி ஆளுங்க ஒவ்வொருத்தனும் எழுந்து நின்னு ஒரு யோசன சொல்லணும். எது நல்ல யோசனயோ அந்த ஆளுக்கு பெர்மனென்ட்டு. மீதிப் பேர பிரேக்குன்னு வேலைலேர்ந்து நிறுத்திடுவாங்க. மேனேஜரே சொல்லிகீறாரு.

வேம்புலி: தெரியும்.

வடிவு: இந்த வாட்டி பிரேக்கு குட்தா திருப்பி எடுக்க மாட்டாங்களாம். அதுவும் தெரியுமா?

வேம்புலி: தெரியும், தெரியும்... நீ வேற.

வடிவு: போன பிரேக்குல ஊட்ல மல்லாந்து படுத்துகினு கூரையவே பாத்துகினு கெடந்தியே... அத நெனச்சாலே எனக்கு அல்லு உடுது. சரி, அந்த சாரு வேற இன்னா சொன்னாரு? ஒண்ணு உடாம சொல்லு.

வேம்புலி: இடது கையால எதுனா வேல செய்யணும். மூள முழிச்சிக்குமாம்.

வடிவு: அதான் பல்லு வெளக்கச் சொல்ல பிரஷ்ஷ மூக்குல உட்டியா?

வேம்புலி: சிரிக்காதமே.

வடிவு: நான் எங்க சிரிச்சேன்? பொன்னம்மாதான் சிரிச்சிது. அப்புறம்?

வேம்புலி: ஊட்டு சாமான் ஒண்ண எடுத்து கைல வெச்சிகினு, இத வேற எதுக்குலாம் வெச்சிக்கலாம்னு யோசிக்கணும்.

வடிவு: ஐய! அதுக்குதான் ஜல்லிக்கரண்டிய அம்மாந்நேரம் மொறச்சிகினு குந்தினியா? உன் ஊட்டுக்காரன காத்து கருப்பு எதுனா அடிச்சிட்ச்சான்னு பொன்னம்மா கேக்குதுயா.

வேம்புலி: கேக்கட்டும். அப்பால, கிறுக்குத்தனமா கேள்வி கேக்கணும். நம்ம மிஷினு நாயா இருந்தா இன்னா பண்ணும்... அப்டி.

வடிவு: இன்னா பண்ணும்?

வேம்புலி: சூப்பர்வைசர் குணசேகரனக் கடிக்கும்.

வடிவு: அதயே மீட்டிங்ல சொல்லு. கழுத்துல மால போட்டு ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. யோவ், வெளையாடாதய்யா. தோ, நானே ஒண்ணு சொல்றேன், புடிச்சிக்கோ. தண்ணிப் பானைய மிஷினாண்டயே வெச்சா, ஆளுங்க எழுந்து எழுந்து போவ வேணாம்...

வேம்புலி: பானை யோசனய எட்டு பேரு கைல வெச்சிகினு கீறாங்க.

வடிவு: லைட்டு?

வேம்புலி: லைட்டு பரந்தாமனுது. ஃபேனு தங்கவேலுது. அதுக்கெல்லாம் ஒரு பேனா குடுப்பாங்க, அவ்ளோதான். பெர்மனென்ட்டு ஓணும்னா பெர்சா சொல்லணும்மே. ஆளு கொறையணும், நேரம் கொறையணும். அதத்தான் அவுங்க காதுல வாங்குவாங்க.

வடிவு: ஆளு கொறையாம பெர்சா ஒண்ணு வராதா?

வேம்புலி: அதத்தான் நானும் தேடிகினு கீறேன்.

வடிவு: குளிக்கச் சொல்ல வரும்னு சொன்னாரே?

வேம்புலி: ரெண்டு சொம்பு ஊத்தறதுக்குள்ள தண்ணி தீந்துடும், வெளிய வான்றே நீ. எங்கேந்து வரும்?

வடிவு: இன்னிக்கு குடம் குடமா ஊத்திக்கோ. லாரித் தண்ணி மொத்தமும் உனுக்குதான். நான் கேக்கவே மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுயா. நொண்டியோ மொடமோ, எதுனா ஒண்ணு. உன் கால்ல வேணா உழறேன்.

வேம்புலி: இன்னாமே இது, நடு ரோட்ல! இன்னா ஆச்சி உனுக்கு?

வடிவு: ஒண்ணுமில்ல. நீ பேச்ச மாத்தாத.

வேம்புலி: ரெண்டு நாளாவே நீ ஒரு மாதிரிதான் கீறே. பெர்மனென்ட் ஆவறது நானு. உனுக்கு ஏன் இம்மாந் தவிப்பு?

வடிவு: நீ யோசிக்கிறியா, என்ன ஆராய்ச்சி பண்றியா?

வேம்புலி: சரி, சரி... நில்லு. ரயில் கேட்டு போட்டான்.

வடிவு: குனிஞ்சி போய்டலாம் வா. அத்தினி பேரும் போறாங்க பாரு.

வேம்புலி: வேணாம். நில்லு.

வடிவு: இன்னாத்த அப்டி பாக்குறே?

வேம்புலி: ஒண்ணுமில்லயே.

வடிவு: டபாய்க்காத. உன் மூஞ்சி எனக்குத் தெரியாது? வந்துட்ச்சி! யோசன வந்துட்ச்சில்ல?

வேம்புலி: நீ வண்டி வருதான்னு பாருமே.

வடிவு: சொல்லுயா!

வேம்புலி: இப்ப வர்லமே. திங்கக்கெழமையே வந்துட்ச்சி. உனக்கு அன்னிக்கு ஓவர்டைமு இருந்துச்சே, நான் தனியா இப்டித்தான் நடந்து வந்தேன். இதே எடத்துல நிக்கச் சொல்லதான் வந்துச்சி.

வடிவு: இன்னாது? அப்ப இடது கை, ஜல்லிக்கரண்டி...?

வேம்புலி: வேற ஒண்ணு வந்துடாதான்னுதான். இது ஆவாதுமே. இத வெளிய சொல்ல முடியாது.

வடிவு: ஏன்? கெடச்சத வாய்க்குள்ளயே வெச்சிகினு ஏன்யா என்ன இந்தப் பாடு படுத்துறே?

வேம்புலி: சொன்னா உங்க செக்‌ஷன் பூடும். பின்னு பொறுக்குற பொம்பளைங்க அத்தினி பேரும் ஊட்டுக்குப் போவ வேண்டிதுதான். நீ, லோகநாயகி, குப்பம்மா... குப்பம்மா புருசன் செத்துப் பூட்டான். அது சம்பளத்துலதான் மூணு புள்ளைங்க துன்னுது. அது தட்டப் புடுங்கிட்டு நான் பெர்மனென்ட் ஆவணுமா? வேணாம்மே. பிரேக்கு குட்தா குட்த்துட்டுப் போறான். எங்கனா லோடு தூக்கிப் பொழைச்சிக்குவேன். நாளைக்கு எழுந்து நின்னு பானையவே ஒம்போதாவது ஆளா சொல்லிட்டு குந்திடறேன்.

வடிவு: யார் கைலனா வாய உட்டியா?

வேம்புலி: உன் கைலயே இப்பதான் சொல்றேன். நீ திட்டுவேன்னு பயந்துகினு கீறேன் நாலு நாளா.

வடிவு: இன்னா யோசன அது?

வேம்புலி: வேணாம்னு உட்டத எதுக்கு கேக்குறே?

வடிவு: எனக்கு மட்டும். சொல்லு.

வேம்புலி: தோ, தண்டவாளத்தப் பாரு. ரெண்டு கம்பியும் தூரத்துல ஒட்டிகினு போற மாதிரி கீது. கிட்ட வர வர அகலமாவுது, இல்ல? அதே மாதிரி ரெண்டு கம்பிய வெச்சி, சாய்ச்சி நிக்க வெச்சி, மேலேர்ந்து பின்ன சறுக்கி உட்டா...

வடிவு: சன்னப் பின்னு மேலயே உழுந்துடும். தடிப் பின்னு கீழ வந்துதான் உழும்.

வேம்புலி: ஆமா...

வடிவு: அடில ரெண்டு டப்பா. கொட்டுறதுக்கு ஒரு ஆளு போதும்.

வேம்புலி: ஆமாமே! நான் இன்னும் அத சொல்லவேல்லியே... தோ, வண்டி பூட்ச்சி. கேட்டத் தூக்கிட்டான், வா. இன்னாமே அப்டியே நிக்கறே? வடிவு... உனுக்கு எப்டித் தெரியும் இது?

வடிவு: எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்யா. கைதான பொறுக்குது, புத்தி சும்மாதான கெடக்குது. குப்பம்மா, லோகநாயகி இவளுங்கள நெனச்சி நானும் வாயத் தொறக்கல... உனுக்கு பிரேக்கு குட்த்துடுவாங்களோன்னு பயந்து நேத்து மத்தியானம் குணசேகரனாண்ட போயி சொல்ட்டேன். என் ஊட்டுக்காரரு யோசன சார், அவுருக்குப் பேசக் கூச்சம்னு சொன்னேன். இன்னிக்கு நீ வேற எதுனா சொல்லிட்டா, நேரா அவுரு ஊட்டுக்குப் போயி, அது வேணாம் சார், இத வெச்சிக்கோங்கன்னு கெஞ்சலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அவுரு கம்பி வெட்டச் சொல்லிட்டாராம்யா. நேத்து அவுராண்ட சொல்லிட்டு வந்து எடத்துல குந்துறேன், குப்பம்மா அவ டப்பாலேர்ந்து ஒரு மீன எடுத்து என் சோத்து மேல வெக்கறா. உனுக்கு பெர்மனென்ட் ஆவணும்னு மாரியாத்தாளுக்கு வேண்டிகினு கீறாளாம்.