நூற்றுக்கு நாலு

— கண்ணாடியை ஏத்துங்க மாமா. நாம பேசுறது மண்டபத்து வாசல் வரைக்கும் கேக்குது.

— ஏத்திட்டேன். அப்படி என்ன கேக்கக் கூடாத பேச்சு? கீரமங்கலத்துல மொய் விருந்து, ஆடு வெட்டி மணக்க மணக்கச் சோறு போடுறான். பந்தியில ஒக்காரப் போன மாமனை இழுத்துட்டு வந்து கார்ல அடைச்சு வச்சிருக்கே. நான் இன்னும் மொய்கூட எழுதல தாயி.

— எழுதலாம். மொதல்ல போனை எடுங்க. எங்க கம்பெனி கடன் பத்திரம் பத்து லட்சத்துக்கு வாங்குனீங்கல்ல, இன்னிக்கு வெள்ளிக்கெழமை, மூணரைக்கு மார்க்கெட் மூடுறதுக்குள்ள அதை வித்தாகணும்.

— இப்பவே ரெண்டரை ஆச்சே.

— அதான் பறக்குறேன். ஆள் பாத்து வச்சிருக்கேன், பம்பாய்க்காரர். நூறு ரூவாய்க்கு எழுவத்தெட்டு தர்றேங்கிறாரு.

— பத்தைப் போட்டு ஏழு சொச்சம் எடுக்கவா? நீதானே சொன்னே, பேங்க்ல போடாதீங்க மாமா, எங்க கம்பெனியில பத்தரை வட்டின்னு. நெடுவாசல்ல எண்ணெய் எடுக்க விட மாட்டோம்னு பந்தல்ல கெடந்தவன் நான். ஒம் பேச்சைக் கேட்டு எண்ணெய்க் கம்பெனியில கொண்டுபோய்க் கொட்டுனேன். அதுவும் மொய்ப் பணம். எழுதுனவன் ஒவ்வொருத்தனுக்கும் மேல போட்டுத் திருப்பிச் செய்யணும்.

— சொன்னேன் மாமா, இல்லைங்கல. நான் சொன்னப்ப இருந்த நம்பர் வேற.

— என்ன நம்பரு?

— நான் பாக்குற வேலையே அதுதான். எல்லாச் செலவும் போக, புதுக் கிணறு தோண்டுற செலவும் போக, வருசக் கடைசியில கம்பெனி கையில என்ன மிஞ்சுது? அது இருக்கிற கடன்ல எத்தனை பங்கு? நீங்க போட்ட வருசம் நூறு ரூவா கடனுக்கு இருபத்தெட்டு மிஞ்சுச்சு. போன வருசம் பதினொண்ணு. இப்ப நாலு.

— பேப்பர்ல லாபம்னுல்ல போட்டிருந்தான்.

— லாபம் வேற, கையில நிக்கிற காசு வேற. ஒங்க தோட்டத்துப் போரை எத்தனை தடவை எறக்குனீங்க?

— மூணு தடவை. நானூறு அடியில ஆரம்பிச்சேன். இப்ப ஆயிரத்தைத் தாண்டிருச்சு.

— எறக்காம விட்டா?

— மல்லி கருகிப் போகும்.

— எறக்குனா?

— மல்லி வித்த காசு மொத்தமும் போர் வண்டிக்காரனுக்குப் போகும். என்னமோ போ, அந்தக் கதையை எதுக்குக் கெளப்புறே.

— அங்கயும் அதே கதைதான். தோண்டாம இருந்தா பழைய கிணத்துல எண்ணெய் வருசா வருசம் கொறையுது. தோண்டுனா மிஞ்சுறதெல்லாம் அதுக்கே போயிருது. இந்த வருசம் மூணு எடம் தோண்டுனாங்க, ரெண்டுல ஒண்ணுமில்லை. அதுவும் கடன் வாங்கித் தோண்டுனது.

— ஆக, நிப்பாட்டவும் முடியாது, தோண்டவும் முடியாது.

— ஆமா.

— நூத்துக்கு நாலு. கோடி ரூவா மொய் வாங்குனவனுக்கு வருசம் நாலு லட்சம் மிஞ்சுனா, திருப்பிச் செய்ய இருபத்தஞ்சு வருசம் ஆகும். நம்ம பக்கம் அஞ்சு வருசம் தாண்டுனாலே வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.

— எங்களுக்குக் கடன் குடுத்தவங்க அடுத்த மார்ச்சுல வந்து நிப்பாங்க. திங்கக்கெழமை கணக்கு வெளியில வருது. வந்துட்டா ஒங்க நூறு ரூவாயை முப்பதுக்குக்கூட எவனும் தொட மாட்டான்.

— திங்கக்கெழமை வர்றது ஒனக்கு எப்படித் தெரியும்?

— நான் போட்ட கணக்குதானே மாமா. இதை வெளியில சொன்னா வேலை போகும், கேஸும் வரும். அதான் போன்ல சொல்லாம நேரா வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன். நான் வந்திருக்கிறது வீட்டுக்குக்கூடத் தெரியாது.

— எனக்காகவா இம்புட்டும்?

— நான் சொல்லித்தானே போட்டீங்க. அந்த நாலைப் பாத்த நாள்லேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. நல்லவேளை, ஒங்க பேர்ல இருக்கு. எங்க வீட்டாளுங்க பேர்ல இருந்திருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அம்மா, அப்பா, எங்க வீட்டுக்காரர், மூணு பேரு விவரமும் ஆபீஸ்ல எழுதி வாங்கியிருக்காங்க. கணக்கு வெளியில வர்ற வரைக்கும் அவங்க விக்கப் போனா கம்ப்யூட்டரே மறிச்சிரும். மாமா பேரை யாரும் கேக்கல.

— அந்தப் பம்பாய்க்காரருக்கு இந்த நாலு தெரியுமா?

— தெரியாது.

— தெரியாதவன் தலையில கட்டச் சொல்றே.

— ஆமா மாமா. தப்புதான். அந்தப் பாவம் எனக்கே வரட்டும். போனைக் குடுங்க, ஓடிபி வரும்.

— செத்த பொறு, மொழி.

— ரெண்டு அம்பது ஆச்சு மாமா.

— எம் போனுக்கு ஓடிபி வராது. அந்தப் பத்திரம் எங்கிட்ட இல்ல.

— இல்லைன்னா?

— நீ தெரியாதவன் தலையில கட்டச் சொல்றே. நான் தெரிஞ்சவர் தலையிலயே கட்டிட்டேன். போன ஆவணியில ஒருத்தருக்கு மொய் திருப்ப வேண்டியிருந்துச்சு. அவரு எனக்கு எட்டு லட்சம் எழுதியிருந்தாரு, நான் பத்தாச் செய்யணும். கையில ரொக்கமும் இருந்துச்சு. ஆனா அந்த வருசம் கம்பெனி வட்டி ரெண்டு மாசம் தள்ளித்தான் வந்துச்சு. மனசுக்குச் சரியாப் படல. ரொக்கத்தை வச்சுக்கிட்டு, பத்திரத்தை அவரு பேருக்கு மாத்திக் குடுத்துட்டேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாமா?

— கேட்டா நீ உள்ளதைச் சொல்லிருவே. சொல்லிட்டா ரொக்கத்தைத்தான் குடுத்தாகணும். அதான் கேக்கல. வெக்கத்தை விட்டுச் சொல்றேன் தாயி, நான் பண்ணுனது அயோக்கியத்தனம்.

— சரி, அதை அப்புறம் பேசலாம். அவரு எங்க இருக்காரு? இன்னும் முப்பத்தஞ்சு நிமிசம் இருக்கு. அவரு போன்லேர்ந்தே வித்துரலாம்.

— இந்தா, மண்டபத்துக்குள்ளதான் பந்தியில ஒக்காந்திருக்காரு.

— அப்ப எறங்குங்க. கூட்டிக்கிட்டு வாங்க.

— கூட்டியாந்து பிரயோசனமில்ல.

— ஏன், நம்ப மாட்டாரா? நான் பேசுறேன். அந்தக் கம்பெனியிலயே வேலை பாக்குறவ சொல்றேன்னா கேக்காம இருப்பாரா?

— நீ சொன்னா கேப்பாரு. ஒன்னைய நம்பித்தானே வாங்குனாரு. பத்திரமாத் தரட்டுமான்னு நான் பயந்து பயந்துதான் கேட்டேன். 'எம் மக மொழி கணக்குப் பாக்குற கம்பெனி, ரொக்கத்தைவிட மேல்'னு சிரிச்சுக்கிட்டே எம் முன்னால கையெழுத்துப் போட்டாரு.