எல்லாருக்கும் போன பதில்

— மொதல்ல அழி மாப்ள. வெவரமெல்லாம் அப்புறம்.

— எதை மாமா? வாசல்லயே உதறிட்டு வாங்க, தலையெல்லாம் கல்லுத் தூசி. உள்ள ரெண்டு கம்ப்யூட்டர் ஓடுது.

— தூசியப் பத்தி எனக்கே சொல்றியா நீ? நம்ம சங்கத் தலைவன் இரும்புக்கு போன்ல ஒரு பதில் போட்டேன்டா. அவனுக்கு மட்டும். இப்ப பட்டறைல அத்தன பேரும் போனப் பாக்குறான், என் மூஞ்சியப் பாக்குறான்.

— திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு, எல்லாரும் ஒண்ணா நின்னு இந்த இருமல் தூசியால வந்ததுதான்னு சொல்லணும்னு காலைல எழுதியிருந்தாரே, அதுக்கா?

— அதுக்குத்தான்.

— லாஜிக் என்னன்னா மாமா, அது உங்களுக்கு மட்டும் எழுதினது இல்ல. அறுபத்திரண்டு பேருக்கும். பெருசுங்க மெயில்ல ஒண்ணு பேசுவாங்க, பசங்க வெப்சைட்ல வேற பேசுவாங்க, இவங்க பேசினது அவங்களுக்குத் தெரியாது. ரெண்டையும் சேக்கத்தான் ரெண்டு வருஷமா இந்த சாப்ட்வேரை எழுதினேன். எங்க பதில் போட்டாலும் ரெண்டு பக்கமும் போயிடும்.

— ஒருத்தனுக்கு மட்டும் அனுப்ப வழி வைக்க மாட்டியா, மேதாவி?

— வச்சிருந்தேன். ரெண்டு பொத்தான். "எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு எதுக்குடா ரெண்டு, ஒண்ணு போதும்"னு சட்டையப் பிடிக்காத குறையா சண்டை போட்டது யாரு?

— நான்தான். சரி, நான்தான். நாப்பது வயசுக்கு மேல எழுத்துக் கத்துக்கிட்டவன் புத்தி. அழி.

— வெப்சைட்ல எடுத்துட்டேன். மெயில்ல போனது போனதுதான், ஒண்ணும் பண்ண முடியாது. அப்படி என்னதான் எழுதினீங்க? "அண்ணே, மன்னிச்சிரு. என் இருமலுக்கும் பட்டறைக்கும் சம்பந்தமில்லைன்னு மொதலாளி நீட்டின காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்..." மாமா!

— கத்தாத.

— முந்தாநாள் ரத்தமாத் துப்பினீங்க. அக்கா இங்க வந்து உக்காந்து அழுதுச்சு.

— போடலைன்னா மறுநாள்லேருந்து வராதன்னான். இந்த நெஞ்ச வச்சிக்கிட்டு நான் வேற எந்தப் பட்டறை வாசல்ல போய் நிக்க? கைநாட்டாவே இருந்திருக்கலாம். கையெழுத்துக் கத்துக்கிட்டது இதுக்குத்தான் ஆச்சு.

— ஒரே ஒரு காகிதம் போதும் மாமா. இன்ஸ்பெக்டர் முன்னாடி மொதலாளி அதைத்தான் விரிச்சுக் காட்டுவான். மத்தவங்க சொல்றது எடுபடாது.

— தெரியாமலா? அதான் இரும்புகிட்ட மட்டும் சொல்லிட்டு ஒதுங்கிக்கலாம்னு பாத்தேன். கையெழுத்துப் போட்டவன் நமக்குச் செத்தவன்னு கூட்டத்துல சொன்னவன்டா அவன். கேளு சொல்றேன், ஒண்ணு செய். உன் சாப்ட்வேர் கெட்டுப் போச்சு, எவனோ என் பேர்ல எழுதிட்டான்னு போட்டுடு.

— அப்படிப் போட்டா இனிமே அதுல ஒருத்தர்கூட ஒரு வரி எழுத மாட்டாங்க. என் ரெண்டு வருஷமும் குப்பைக்குத்தான் போகும்.

— உங்கக்கா இந்தத் தெருவுல தல நிமிந்து நடக்கணும் மாப்ள.

— ம்.

— என்ன ம்?

— எழுதுறேன், எழுதுறேன். "கோளாறு காரணமாக, உறுப்பினர் ஒருவர் பெயரில்..." இருங்க. பதில் வருது.

— காறித் துப்புறானுங்களா?

— துளை போடுற அண்ணன். "நானும் போட்டேன். போன வாரமே."

— என்னது?

— பாலிஷ்காரர். "நானும்." வெப்சைட் பக்கம், லாரில லோடு ஏத்துற பையன் ஒருத்தன், "எங்கப்பாவும் நானும்."

— வெளையாடாதடா.

— வெளையாடுற நேரமா? வந்துக்கிட்டே இருக்கு மாமா. இருபது. இருபத்தாறு. ரெண்டு பக்கமும் ஒரே பேச்சுப் பேசுறது இன்னைக்குத்தான் முதல் தடவை.

— இரும்பு? அவன் இதெல்லாம் பாத்தா தாங்க மாட்டானே. அவன் ஒருத்தன நம்பித்தான் அத்தன பேரும்... அவன் என்ன சொல்றான்?

— இப்பதான் வந்திருக்கு.

— வாசி.

— வேணாம் மாமா.

— வாசிடா.

— "நான் மொத நாளே போட்டுட்டேன். நீங்க எல்லாரும் நிப்பீங்கங்கிற தைரியத்துலதான் போட்டேன்."