படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது

மதிய இடைவேளையில் நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் மின்விசிறிக்காகத்தான் வருவார்கள். அதை நான் ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. காற்று வாங்க வந்த கையில் ஒரு புத்தகத்தைத் திணித்துவிட்டால் போதாதா?

உட்காரச் சொல்லாதீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம், நின்றே பேசுகிறேன். கொஞ்ச நாளாக எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கோப்புகளை ஓரம் நேராக அடுக்கிவிடட்டுமா? கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. வாயாடி என்று எல்லாரும் கூப்பிட்ட பெண் இறந்துபோன அன்று மதியம், நிழல் என்று பட்டப்பெயர் உள்ள அவள் சிநேகிதி, வாயாடியின் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு நூலகக் கதவுக்கு வந்தாளா, இல்லையா? வந்து தட்டினேன் என்கிறாள் அந்தப் பெண். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. சண்டைக் கோபத்தில் வேண்டுமென்றே கொடுக்காமல் இருந்துவிட்டாள் என்கிறார்கள். வாயாடியின் அம்மா அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்களுக்கும் அவள்மேல்தான் சந்தேகம். கேட்கிற தோரணையிலேயே தெரிகிறது. சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அதன் நியாயம் புரியும்.

எங்கள் தலைமையாசிரியர் நூலகத்தைக் காலிசெய்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறை ஆக்கத் துடித்துக்கொண்டிருந்தார். பாடத்தைப் படிக்கவே ஆள் இல்லை, இதில் சந்தோஷத்துக்கு வேறு படிக்கப் போகிறார்களாக்கும் என்பார். பிள்ளைகள் தாங்களாக வந்து படிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு வருடம் விட்டுப்பிடித்தார். நான் செய்யாததா? தரையில் சின்னச் சின்ன மெத்தைகள் போட்டேன். சுவரெல்லாம் படம் ஒட்டினேன். கதை வாசித்துக் காட்டினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். படித்து முடித்தால் பேனா என்றேன். பேனா தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது.

அப்போதுதான் ஒரு பையன் வந்தான். கால்பந்துக் கும்பலில் ஒருவன், புத்தகம் என்றாலே காத தூரம் ஓடுகிறவன். கூட்டாளிகளோடு ஏதோ சண்டை, யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போக்கிடம் இல்லாமல் என்னிடம் வந்து, ஒரு கப்பல் கதையை விரித்துவைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் படித்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாலைந்து நாளில் சண்டை தீர்ந்தது. கப்பலை நடுக்கடலில் விட்டுவிட்டு ஓடிப்போனான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பேச ஆள் இருக்கிற பிள்ளை எதற்குப் புத்தகத்தைத் தொடும்? சின்ன வயதில் என்னோடும் யாரும் பேச மாட்டார்கள். அப்படித்தான் நான் வாசகியானேன். கெட்டா போய்விட்டேன்?

சிண்டு முடிந்தேன் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. புத்தகத்தில் முத்திரை குத்தும்போது, "உன் ஃபிரெண்டு உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னா... சரி விடு, எனக்கெதுக்கு" என்பேன். அவ்வளவுதான். ஏதாவது சொல்லித்தான் இருப்பாள். சொல்லாத பிள்ளை உண்டா? என்ன சொன்னாள் என்பதை மற்றவளே ராத்திரி முழுக்கப் படுத்துப் புரண்டு இட்டுக்கட்டிக்கொள்வாள். கற்பனையை வளர்ப்பதும் என் வேலைதானே. பருவத் தேர்வு வருவதற்குள் மெத்தைகள் நிறைந்துவிட்டன. ஆளுக்கொரு மூலை, ஒரு சத்தம் கிடையாது. தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, எப்படிச் சாதித்தீர்கள் என்று அசந்துபோனார். கம்ப்யூட்டர் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

மசியாமல் இருந்தது அந்த ஜோடி ஒன்றுதான். வாயாடிக்கு வாய் ஓயாது. மற்றவள் பேசவே மாட்டாள். இவள் பின்னாலேயே போவாள், அதனால்தான் நிழல் என்று பெயர். நகமும் சதையுமாக ஒரே மெத்தையில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தை விரித்து, ஒரு வரி படிப்பதற்குள் பத்துத் தடவை சிரிப்பார்கள். வாயாடிக்கு மூச்சிரைப்பு உண்டு. கையில் கொடுத்த எதையும் தொலைத்துவிடுவாள் என்று அவளுடைய அம்மாவே இன்ஹேலரை நிழலின் பையில் போட்டுவைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கே தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும்.

இவர்களிடம் என் வழக்கமான வார்த்தை எடுபடவில்லை. என்ன சொன்னாள் என்று ஒருத்தியை ஒருத்தி நேராகவே கேட்டுச் சிரித்துவிட்டார்கள். அதனால் வாயாடியைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு மூச்சு வாங்குதே, அதை அவ வகுப்புல நடிச்சுக் காட்டுறா. எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றேன். அது மட்டும் முழுக்க என் கற்பனை. அதைப் போய்க் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நிழலின் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டாள். இன்ஹேலரைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அவ்வளவு வீம்பு.

பிறகு தனியாக வந்தாள். கடைசி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயே ஓயாத பெண் வாயை மூடிக்கொண்டு படித்தாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிழல் மட்டும் வெளிப்படியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். படிக்கிற பிள்ளைக்குக் கவனம் சிதறுமே என்று திரைச்சீலை போட்டேன்.

நீங்கள் கேட்கிற அந்த நாளில் எல்லா வகுப்பும் விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்தில் இருந்தது. மூச்சிரைப்பு என்பதால் வாயாடிக்கு விலக்கு. நூலகத்தில் அவளும் நானும்தான். காலையில் பழைய அடுக்குகளைத் தட்டித் துடைத்திருந்தேன், தூசு அடங்கவில்லை. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. மைதானத்திலிருந்து நழுவி வந்திருந்தாள் நிழல். கையில் இன்ஹேலர். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"காலையிலேர்ந்து இருமிக்கிட்டே இருக்கா மிஸ். நான் உள்ள வரல. இதை மட்டும் அவகிட்ட குடுத்துடுங்க. நான் குடுத்தேன்னுகூட சொல்ல வேணாம்."

"படிச்சிக்கிட்டு இருக்கா. பெல் அடிச்சதும் பாத்துக்கலாம்" என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவள் மறுபடியும் தட்டினாள். வெகுநேரம் தட்டினாள்.

நானே வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அது யார் பையிலிருந்து வந்தது என்று வாயாடிக்குத் தெரியாதா? சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். அவளுக்குக் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்தை முழுசாக முடிக்கப் போகிறாள். அடுக்குக்குப் பின்னால் அவளுடைய மூச்சு விசிலடித்தது எனக்குக் கேட்டது. நிழல் தட்டுவதற்கு முன்பே கேட்டது. தாழ்ப்பாள் போட்ட பிறகும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. கதையில் ஆழ்ந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். மணி அடித்தும் அவள் எழுந்து வரவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், எதையும் மறுக்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான். நிழல் இப்போது தினமும் நூலகத்துக்கு வருகிறாள். அவளோடு ஒருவரும் பேசுவதில்லை, வேறெங்கே போவாள்? வாயாடி உட்கார்ந்த அதே இடம், அதே புத்தகம். குனிந்த தலை நிமிர்வதில்லை. பக்கத்தைத் திருப்புகிற சத்தம்கூடக் கேட்பதில்லை, அப்படி ஓர் ஈடுபாடு. நான் சொன்னது வெளியே தெரிந்தால் நாளைக்கே எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள். பாதிப் புத்தகத்தில் இருக்கிறாள் மேடம். முடிக்கிறவரைக்கும் யாரிடமும் சொல்லாதீர்கள்.