இலை தொங்கும் வரை

செம்பருத்திக் குச்சியை உச்சி வெயிலில் ஊன்றக் கூடாது, ஐயா. வெயில் தாழ்ந்த பிறகு ஊன்றி, ஒரு செம்பு தண்ணீர் விட்டு, மேலே பழைய கோணி ஒன்றைப் போர்த்திவிட்டால் அது பாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும். இந்தக் கோடைக்கு முன்னால் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரு ரோஜாச் செடியைக்கூட உருப்படியாக வளர்த்தவள் இல்லை நான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் என்ன வளரப்போகிறது?

போன மழைக்காலத்தில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும்தான் மிச்சம். வீட்டில் நானும் அவளும்தான். ஒரு நாளைக்கு நாலு தடவை படுக்கை நனையும். அணையாடை கட்டிப் பார்த்தேன், தோலெல்லாம் கொப்பளித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவளைப் புரட்டி, விரிப்பை உருவி, துடைத்து, வேறு விரித்து, மறுபடி புரட்ட வேண்டும். என்னைவிட அவள் ஒன்றரை மடங்கு கனம். நான் ஒண்டியாள்.

வெளியூரில் இருக்கும் அவள் மகளைப் போனில் கூப்பிட்டேன். "ஒரே ஒரு மாசம் வந்து இரும்மா. என் இடுப்பு விட்டுப்போச்சு" என்றேன்.

"லீவு தரமாட்டாங்க சித்தி. நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா இருக்கேன்."

போனை வைத்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அன்று சாயங்காலம்தான் முதல் செடியை வாங்கி வந்தேன். நான் செய்வதில் ஏதாவது ஒன்றாவது பலன் காட்டட்டும் என்று இருந்தது. அப்புறம் செம்பருத்தி, நந்தியாவட்டை, வெட்சி, சாமந்தி என்று மூன்று மாதத்தில் முப்பத்தோரு செடி ஆகிவிட்டது. பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டேன். பெற்றதில்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

காகிதப்பூ மட்டும் அடம் பிடித்தது. பச்சைப் பசேலென்று தழைத்துக்கொண்டே போனதே தவிர ஒரு பூ இல்லை. செடிக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"தினம் தண்ணி ஊத்தறீங்களா?"

"ரெண்டு வேளை ஊத்தறேன்."

அவர் சிரித்துவிட்டார். "செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க. இலை தொங்கற வரைக்கும் தண்ணியே காட்டாதீங்க. தொங்கினதும் ஊத்துங்க. அப்புறம் பாருங்க."

பதினெட்டாம் நாள் பூத்தது. செடி முழுக்க ஒரே சிவப்பு. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்துபோனது.

அக்காவுக்கு முதலில் மதியத் தம்ளரை மட்டும்தான் நிறுத்தினேன். அன்றைக்கு விரிப்பு மூன்றே தடவைதான் நனைந்தது. அடுத்த வாரம் சாயங்காலத் தம்ளரையும் நிறுத்தினேன், இரண்டு தடவை ஆனது. அவளுடைய பழைய முரண்டும் அடங்கியது. புரட்டினால் புரண்டாள். செடிக்கடைக்காரர் சொன்னது மனுஷருக்கும் பொருந்தும் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

தாகம் எடுத்தால் இடது கை மோதிரத்தால் எவர்சில்வர் தம்ளரைத் தட்டுவாள். தோட்டத்தில் நின்றாலும் கேட்கும். அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தம்ளர் வைத்தேன். தட்டிவிட்டாலும் நசுங்காது அல்லவா.

கட்டிலையும் ஜன்னலோரமாக நகர்த்தினேன். சும்மா கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாமே என்றுதான். தினமும் காலையில் அரை மணி நேரம் குழாய் பிடிப்பேன். அவள் கண் கொட்டாமல் பார்ப்பாள். எந்தச் செடிக்குத் தண்ணீரைத் திருப்பினாலும் அவள் கண்ணும் கூடவே திரும்பும். உங்கம்மாவுக்கும் செடிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மகளிடம் சொல்லி, போனைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக் காட்டினேன். "பார்க் மாதிரி இருக்கு சித்தி. அம்மா குடுத்து வச்சவங்க" என்றாள்.

வியாழக்கிழமைதோறும் நர்ஸ் வருவார். "ரொம்ப வறண்டு போயிருக்காங்க. தண்ணி நிறையக் குடுங்கம்மா" என்று இரண்டு வாரம் சொன்னார். இரண்டாவது தடவை அவர் எதிரிலேயே ஒரு தம்ளர் நிறையக் கொடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். குடித்து முடித்த பிறகும் விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. காலையில் நீங்கள் கேட்டீர்களே, அந்த நகக்குறிதான் இது. பூனை கீறியது என்று நான் சொன்னது பொய்.

அன்று மதியத்துக்குள் இரண்டு விரிப்பு நனைந்தது. இரண்டாவது விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் எத்தனை வருஷம் இப்படி என்று கணக்குப் போட்டேன். மறுநாளிலிருந்து மாத்திரைக்கு ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். வெயில் கொளுத்திய அதே வாரம்.

அடுத்த வியாழக்கிழமை நர்ஸ் வருவதற்குள் அக்கா போய்விட்டிருந்தாள். அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நர்ஸ் என்னிடம் முதலில் கேட்டது, "குழாயில தண்ணி வரலையாம்மா?" என்றுதான். நல்ல மனுஷி, தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி விட்டுக் கேட்டார். தண்ணீர் வந்தது, ஐயா. தொட்டி நிரம்பி வழிந்தது. வாசலில் காயாமல் கிடந்த ஈரத்தை மிதித்துக்கொண்டுதான் அவரே உள்ளே வந்தார்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதிக்கொள்ள வேண்டாம். அவள் நாக்கு வெடித்திருந்ததைப் பார்த்தேன். கண் குழிவிழுந்ததைப் பார்த்தேன். இலை தொங்கினதும் ஊற்றச் சொல்லியிருந்தார் செடிக்கடைக்காரர். அவள் தலை தொங்கியதையும் பார்த்தேன். ஆறு நாளாக விரிப்பு நனையவில்லை. நானும் ஆறு நாள் நன்றாகத் தூங்கினேன். நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி. வீட்டுச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. அக்காவின் ஜன்னலுக்குக் கீழே ஓர் அடுக்கு மல்லி நிற்கிறது. போன வாரம்தான் ஊன்றினேன், இன்னும் வேர் பிடிக்கவில்லை. இந்த வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் தாங்காது. யாரையாவது அனுப்பி ஒரு செம்பு ஊற்றச் சொல்லுங்கள், ஐயா. பாவம், வாயில்லாத செடி. அதற்குக் கேட்கத் தெரியாது.