நூற்றுத் தொண்ணூற்றெட்டு காத்த குழந்தை

கூட்டலையும் கழித்தலையும் கொண்டாடக் கூடியிருக்கும் இந்த அவையின் தலைவர் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, அடுப்படியில் நின்றபடியே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த தாய்மார்களே, அனைவரையும் வணங்குகிறேன்!

நான் பட்டம் பெற்றவனல்லன். லேத் பட்டறையில் நிற்பவன். ஆனாலும் என்னிடம் ஓர் அருமையான எண் இருக்கிறது. என் கைபேசி எண்! 3872274615. இரண்டிரண்டாகப் பிரியுங்கள். முப்பத்தெட்டு, எழுபத்திரண்டு, இருபத்தேழு, நாற்பத்தாறு, பதினைந்து. கூட்டினால்? நூற்றுத் தொண்ணூற்றெட்டு! தொண்ணூற்றொன்பதின் இருமடங்கு! ஆகவே முந்நூற்று எண்பத்தேழு கோடியைத் தாண்டிய அந்த எண்ணும் தொண்ணூற்றொன்பதால் மீதியின்றி வகுபடும். ஏன்? நூற்றைத் தொண்ணூற்றொன்பதால் வகுத்தால் மிச்சம் ஒன்றே ஒன்று. அதனால்தான்.

முன்வரிசை ஐயா விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறார். வந்ததா ஐயா? வந்துவிட்டது!

இதை யாரிடம் சொல்லாமல் இருந்தேன்? பால்காரரிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன். "நம்பரக் கேட்டா அதோட வாழ்க்கை வரலாறையே சொல்றீங்களே!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

போன மழைக்காலம். ரயில் நிலையத்தில் நெரிசல். ஆறு வயது மகளின் கையில் என் எண்ணைப் பேனாவால் எழுதிவிட்டுப் பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் பிள்ளையைக் காணோம்! நடைமேடை நடைமேடையாக ஓடினோம். கத்தினோம். கதறினோம். அவளோ கூட்டத்தோடு வேறொரு ரயிலில் ஏறி, அடுத்த நிலையத்தில் இறங்கி, மழையில் நனைந்து நின்றிருக்கிறாள்.

அங்கே டிக்கெட் கொடுக்கும் அம்மையார் அவளை அறைக்குள் அழைத்துத் தலை துவட்டிவிட்டு, கையைப் பார்த்தாராம். மூன்றாவது, நான்காவது இலக்கங்கள் அழிந்துபோயிருந்தன.

"நடுவுல ரெண்டு நம்பரக் காணோமேடா கண்ணு. நூறு பேருக்கா போன் போடுறது?"

ஏழு பேருக்குப் போட்டாராம். ஏழு பேரும் திட்டினார்களாம். அப்போது என் மகள் சொன்னாள்: "ஆன்ட்டி, ரெண்டு ரெண்டா பிரிச்சுக் கூட்டினா நூத்தித் தொண்ணூத்தெட்டு வரும். எங்கப்பா தெனமும் சொல்வாரு."

அம்மையார் காகிதத்தை எடுத்தார். இருந்தவற்றைக் கூட்டினார்: நூற்று இருபத்தாறு. குறைவது எழுபத்திரண்டு!

என் சட்டைப்பையில் மணி அடித்தது.

"அப்பா, நான் பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருக்கேன்."

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், பெரியோர்களே! மனைவி கைபேசியைப் பிடுங்கி, அழுதுகொண்டே, "சாப்பிடுடி தங்கம், நல்லா சாப்பிடு" என்றாள்.

எண்ணின் குணம் தெரிந்தால் என்ன பயன் என்று கேட்பவர் கேட்கட்டும். உருவம் அழிந்தாலும் குணம் அழியாது! அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் குழந்தை வீடு வந்து சேர்ந்தாள்!

ஆனால் எண் தானாகக் கூட்டிக்கொள்ளாது. ஏழு வசவு வாங்கியும் எட்டாவதாக முயன்ற அந்தக் கை வேண்டும். அவர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அக்கா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். கைதட்டலெல்லாம் அவருக்கே! எனக்கு இதுவே போதும். நன்றி, வணக்கம்!